மாயா சுவரின் பட்டைச் சாறும் நம் வீட்டுக் கடுக்காய்த் தண்ணீரும்

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. பத்து வருடத்துக்கு முன் வெளிச்சுவர் முழுக்கச் சிமென்ட் பூசினோம். இப்போது ஓதம் ஏறி, உப்பு பொரிந்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பழைய மாயா மக்கள் மரப்பட்டைச் சாறு கலந்து பூசிய சுண்ணாம்பு ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கிறது என்று படித்தேன். மெக்சிகோவிலிருந்து அந்தப் பட்டையை வரவழைத்துப் பூசலாமா?

பதில்: பட்டையை வரவழைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதை அல்ல. அதில் உங்கள் சுவருக்கு உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது.

ஹோண்டுராஸ் நாட்டில், குவாத்தமாலா எல்லையை ஒட்டி இருக்கிறது கோபான். கி.பி. 426-இல் அரச மரபு தொடங்கி, சுமார் நானூறு வருடம் செழித்த மாயா நகரம். அங்கே கட்டடங்கள் எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லால் ஆனவை. கற்களுக்கு இடையே பெரும்பாலும் மண்தான், மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தப் பூச்சின் துண்டுகளை ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் ரோட்ரிகஸ் நவார்ரோ குழுவினர் ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுண்ணாம்பு காற்றில் இறுகும்போது உருவாகி, பூச்சை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சைட் படிகங்களுக்கு உள்ளேயே தாவரப் பொருள் நுண்ணிய அளவில் சிக்கியிருந்தது. கிளிஞ்சல் ஓட்டிலும் கடல் முள்ளெலியின் முள்ளிலும் இருக்கிற அமைப்புதான் இது. வெறும் கால்சைட் தட்டினால் பிளந்துவிடும். இடையே இப்படி உயிரிப் பொருள் இருந்தால் விரிசல் நேராக ஓட முடியாது, மழைநீரும் சுலபத்தில் கரைக்காது.

எந்த மரம்? மாயா வழிவந்த உள்ளூர்க் கொத்தனார்கள் இரண்டைச் சொன்னார்கள். ஒன்று சுக்கும். இன்னொன்று ஹியோட்டே, சிவந்த பட்டை தாள் தாளாக உரிந்துகொண்டே இருக்கும் மரம். அவற்றின் பட்டைச் சாற்றை, சுட்ட சுண்ணாம்பை நீற்றும் தண்ணீரிலேயே கலந்து, ஆய்வுக்கூடத்தில் நகல் பூச்சுகள் செய்தார்கள். பழைய துண்டுகளில் கண்ட அதே அமைப்பு நகல்களிலும் வந்தது. சாறு சேர்க்காத பூச்சைவிட இவை உறுதியாகவும் இருந்தன.

சுக்கும் நமக்கு முற்றிலும் அந்நியமான மரமும் அல்ல. நம் ஊர் வேலிகளில் காய்க்கும் கொடுக்காப்புளி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. சுக்கும் மரத்தை ஒரு காலத்தில் தாவரவியலார் அந்தக் கொடுக்காப்புளிப் பேரினத்திலேயே வைத்திருந்தார்கள். அதன் பட்டை துவர்ப்புச் சத்து நிறைந்தது, மெக்சிகோவின் யுகடான் பகுதியில் தோல் பதனிடப் பயன்பட்டது. நம்மிடம் தோல் பதனிட எது பயன்பட்டது? கடுக்காய். சுண்ணாம்புக் காரையில் நம் கொத்தனார்கள் ஊற்றியது எது? அதே கடுக்காய்த் தண்ணீர், கூடவே கருப்பட்டி. துவர்ப்புச் சாறு சேர்ந்தால் சாந்து என்ன ஆகும் என்பதை இரண்டு இடத்துக் கைகளும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. கருப்பட்டிச் சர்க்கரையும் ஹியோட்டே பிசினும் வேதியியலில் ஒன்றல்ல, வேலையும் அப்படியே ஒன்றாக இருக்காது. ஆனால் நம் வெயிலிலும் மழையிலும் பழகிய கலவை கையில் இருக்கும்போது கடல் கடந்து பட்டை வாங்க ஒரு காரணமும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. யுகடானின் மெரிடா நகரில் 1990-களிலிருந்து சுக்கும் பூச்சு மறுபடி பிரபலமாகியிருக்கிறது. நீச்சல் குளத்துக்கும் குளியலறைக்கும் அழகாக இருக்கும். ஆனால் இன்று அந்தப் பெயரில் பூசப்படுவதில் பெரும்பாலும் வெள்ளைச் சிமென்ட் இருக்கிறது. உங்கள் சுவர் எதனால் கெட்டதோ அதையே வேறு பெயரில் பூசியதாகிவிடும்.

ஆயிரம் வருடக் கணக்கையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கோபானில் ரோசலீலா என்ற கோயில், சுமார் 13 மீட்டர் உயரம், ஆறாம் நூற்றாண்டுக் கட்டடம். 1989-இல் ரிக்கார்டோ அகுர்சியா கண்டுபிடித்தபோது சுதைச் சிற்பமும் வண்ணமும் அப்படியே இருந்தன. காரணம், அதை இடிக்காமல் பத்திரமாக மூடி, அதன் மேலேயே அடுத்த கோயிலைக் கட்டியிருந்தார்கள். வெயில் மழை அதைத் தொடவே இல்லை. வெளியே நின்றவற்றுக்கு மாயாக்கள் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருந்தார்கள். தளங்களைத் தோண்டினால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூச்சு அடுக்குகள் வருகின்றன. சாறு உதவியது, சரி. பராமரிப்பும் உதவியது.

பசுமைக் கட்டுமானம் என்று சொல்லிச் சுண்ணாம்பை விற்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: எதை எரித்துச் சுட்டீர்கள்? 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். பூச்சு இறுகும்போது அந்த வாயுவில் பெரும்பங்கை மெல்ல மெல்லத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சூளையில் எரித்த விறகின் புகையையோ நிலக்கரியின் புகையையோ அது திரும்ப எடுக்காது. சிமென்டுக்கு 1450 டிகிரி வெப்பம் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும். லாபம் உண்டு, இலவசம் இல்லை. மாயாக்களுக்கும் இந்த விறகுச் செலவு சுமையாகத்தான் இருந்தது. பச்சை விறகை அடுக்கித் திறந்தவெளியில் சுடும் முறையில் ஒரு டன் சுண்ணாம்புக்குச் சுமார் 5 டன் விறகு போகும். கோபானில் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு தடித்த சுதைச் சிற்பம் குறைந்து கல் சிற்பம் பெருகியதற்கு விறகுப் பஞ்சமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இனி உங்கள் சுவர். செங்கல்லும் காரையும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், அதாவது மூச்சு விடும். சிமென்ட் அந்த வாயை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகித் தள்ளுகிறது. அதனால் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரை விளிம்பு, குழாய்க் கசிவு, சுவரடியில் மண் மேடு. இதைச் சரி செய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. பிறகு சிமென்டைச் சிறு உளியால், செங்கல் உடையாமல் எடுக்க வேண்டும். பொரிந்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும்.

சுட்ட சுண்ணாம்பைக் கல்லாக வாங்கி நீங்களே நீற்றுங்கள். மாயாப் பூச்சிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. கடைசியில் சாந்தில் ஊற்றுவதைவிட, இடித்த கடுக்காயை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரிலேயே கல்லை நீற்றிப் பாருங்கள். படிகம் பிறக்கும்போதே துவர்ப்பு அதோடு இருக்க வேண்டும். முதல் முயற்சியில் கடுக்காய் சுண்ணாம்பின் எடையில் நூற்றுக்கு 5 பங்கைத் தாண்ட வேண்டாம். கருப்பட்டி அதைவிடக் குறைவு போதும், கூடினால் சாந்து இறுகுவது தள்ளிப்போகும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும், ஊற ஊற நல்லது.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத மணல். ஒரே தடவையில் ஒரு அங்குலம் ஏற்ற வேண்டாம். 10 முதல் 12 மில்லிமீட்டர் வீதம் இரண்டு பூச்சு, மேலே மெல்லிய மெருகு. கொத்தனார் அவசரப்பட்டால் விடாதீர்கள். சணல் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல், ஈரப்பதம் மட்டும் இருக்கும்படி இரண்டு வாரம் காப்பாற்ற வேண்டும். காற்றும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால்தான் சுண்ணாம்பு இறுகும், சொட்டச் சொட்ட நனைத்தால் இறுகாது. உங்கள் ஊருக்குத் தை, மாசி ஏற்ற காலம். முடித்தபின் பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது, வெள்ளையடித்தால் போதும்.

முழு வீட்டையும் ஒரே மூச்சில் தொடாமல், தெற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டர் பூசிப் பாருங்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை போனதும் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் கருப்பட்டியைக் குறைத்து, ஊறும் நாளைக் கூட்டி, பக்கத்திலேயே இன்னொரு துண்டு பூசுங்கள். கை சுத்தமாக வந்தால் அந்தக் கலவை அளவை எழுதி வைத்துக்கொண்டு மீதிச் சுவரைத் தொடங்கலாம்.