பல்லு உடைஞ்சா சின்னக் காயமோ?

கேள்வி: ஐயா, வாய்க்கால் தண்ணிப் பிரச்சினையில தம்பிக்கு மண்வெட்டிப் பிடியால அடிச்சுப்போட்டினம். கையில எட்டுத் தையல், முன்பல்லு பாதி உடைஞ்சிட்டுது. சின்னக் காயம்தானே, சமாதானமாப் போங்கோ எண்டு ஊரில சொல்லுகினம். உண்மையோ?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: இல்லைத் தங்கச்சி. தையலை எண்ணிச் சட்டம் காயத்தை அளக்கிறேல்ல, கையில வெட்டு தோலோட சதையோட நிண்டா அது சாதாரண காயம்தான், ஆனா எங்கட தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவில எலும்பு, குருத்தெலும்பு, பல்லு வெட்டுப்பட்டாலோ முறிஞ்சாலோ அது பாரதூரமான காயம் எண்டுதான் கிடக்கு. மூட்டு விலகினாலும், கண் பார்வை காது கேள்வி நிரந்தரமாக் குறைஞ்சாலும், முகம் நிரந்தரமா விகாரப்பட்டாலும், 20 நாள் வழமையான வேலை செய்ய ஏலாமல் படுத்தாலும் அப்பிடித்தான். வேணுமெண்டு அப்பிடிக் காயப்படுத்தினா 316ஆம் பிரிவில 7 வருசம் வரைக்கும் மறியல் இருக்கு, சாதாரண காயத்துக்கு 314இல ஒரு வருசம் வரைக்கும்தான்.

அந்த உடைஞ்ச பல்லுத் துண்டு கிடந்தா எறிஞ்சு போடாதேங்கோ பிள்ளை. பொலிஸில முறைப்பாடு குடுத்து சட்ட வைத்தியப் படிவம் (டொக்டர் காயங்களைப் பாத்து எழுதுற தாள்) வாங்கி, தம்பி டொக்டரிட்ட வாயைத் திறந்து காட்டவேணும், கனபேர் கைத் தையலை மட்டும் காட்டிப்போட்டு வந்திடுகினம், பிறகு படிவத்தில பல்லே இருக்காது.