ஷாஃப்ட்ஸ்பரி பிரபு: கேள்வி பதில்

ஏழைக் குழந்தைகளுக்காகச் சட்டங்கள் கொண்டுவரப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்றவாதி, ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்தோணி ஆஷ்லி-கூப்பர் (1801–1885) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: பிரபு வீட்டுப் பிள்ளைக்கு ஏழைக் குழந்தைகள் மேல் இவ்வளவு அக்கறை எப்படி வந்தது?

பதில்: வீடுதான் பெரியது. அப்பா கடுமையானவர், அம்மா கண்டுகொள்ளவே மாட்டார். பாசம் காட்டியது மரியா மில்லிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண் ஒருவர்தான். ஜெபம் செய்யக் கற்றுத்தந்ததும் அவரே. இறக்கும்போது தன் கடிகாரத்தை இவருக்கு விட்டுச்சென்றார். வயதான பிறகும் அதைத்தான் இவர் வைத்திருந்தார். இவருடைய பொதுவாழ்வுக்கு வேர் அங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: அவர் கொண்டுவந்த சட்டங்களில் எது முக்கியம்?

பதில்: என்னைக் கேட்டால் 1842 சுரங்கச் சட்டம். விசாரணைக் குழு அறிக்கை படங்களோடு வெளிவந்தது. இடுப்பில் சங்கிலி கட்டி, தவழ்ந்தபடியே கரி வண்டி இழுக்கும் பிள்ளைகள்; சுரங்கக் காற்றோட்டத்துக்கான கதவைத் திறந்து மூட இருட்டில் நாளெல்லாம் தனியே உட்கார்ந்திருக்கும் பொடிசுகள். நாடே பதறியது. பெண்களும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யத் தடை வந்தது. இவர் கேட்ட வயது 13. சுரங்க முதலாளிகளின் எதிர்ப்பால் அது குறைக்கப்பட்டது.

கேள்வி: பத்து மணி நேர வேலைச் சட்டம் நிறைவேறியபோது அவர் நாடாளுமன்ற அவையிலேயே இல்லையாமே?

பதில்: உண்மைதான். 1833 முதல் அதற்காகப் போராடியவர். ஆனால் தானிய இறக்குமதி வரி வேண்டும் என்ற, தன் தொகுதியான டார்செட் மாவட்ட விவசாயிகள் ஓட்டில் ஜெயித்திருந்தார். பிறகு அந்த வரியை நீக்குவதே சரி என்று அவருக்குப் பட்டது. அவர்கள் ஓட்டை வைத்துக்கொண்டு எதிராக வாக்களிப்பது நேர்மையல்ல என்று 1846-இல் பதவி விலகினார். மறுவருடம் பத்து மணி நேர மசோதாவை நிறைவேற்றியவர் ஜான் ஃபீல்டன் என்ற எம்.பி. இந்த ஒரு முடிவுக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி: குடும்பம்?

பதில்: 1830-இல் எமிலி கௌப்பரை மணந்தார். பத்துப் பிள்ளைகள். மாமியார் 1839-இல் பாமர்ஸ்டனை மறுமணம் செய்ய, பின்னாளில் பிரதமரான அவர் இவருக்கு மாமனார் முறையானார். 1849-இல் ஹாரோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகன் பிரான்சிஸ் இறந்தான். 1872-இல் எமிலியும் போனார்.

கேள்வி: ஜனநாயகவாதி என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. வாக்குரிமையை விரிவாக்கிய 1832 சீர்திருத்தத்தை எதிர்த்தவர் அவர். ஏழைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். ஆளும் பொறுப்பைத் தர நினைக்கவில்லை.

கேள்வி: புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றும் கொடுமையை நிறுத்தியவரும் இவர்தானா?

பதில்: ஆமாம், ஆனால் வெகுகாலம் பிடித்தது. 1840, 1864 சட்டங்களை யாரும் மதிக்கவில்லை. 1875-இல், 74 வயதில், புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். விதியை மீறினால் உரிமம் போய்விடும் என்ற நிலை வந்த பிறகுதான் அந்த வழக்கம் ஒழிந்தது.