மேப் போடுறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்டீங்களே சார்

வணக்கம் சார். உங்க மெசேஜ ரெண்டு தடவ படிச்சேன். பொண்ணு ஸ்கூல் முடிக்கப் போறா, மார்க்கும் நல்லா வரும், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணாம் ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப்பையும் எடத்தப் பத்தின தகவலையும் சேத்துப் பாக்குற துறை) பக்கம் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, மேப்தான் எல்லார் போன்லயும் இருக்கே, இதுக்கு மேல வரைய என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான கேள்விதான் சார், அந்தக் கடைசிக் கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடுறேன்.

போன்ல இருக்குற மேப்ல எல்லாமே இருக்குன்னு நமக்குத் தோணும், ஆனா அப்படி இல்ல. யாவாரம் நடக்குற எடம் துல்லியமா இருக்கும், மத்த எடம் நெறைய வெறுமையா கெடக்கும். கென்யாவுல நைரோபி நகரத்துக்குள்ளயே கிபேரான்னு ஒரு பெரிய குடிசைப் பகுதி, லட்சத்துக்கும் மேல ஜனங்க இருக்காங்க, 2009 வரைக்கும் மேப்ல அது கிட்டத்தட்ட வெத்து எடம். அப்புறம் அங்கயே வாழ்ற இளைஞர்கள் கையில ஜிபிஎஸ் கருவிய எடுத்துக்கிட்டு சந்து சந்தா நடந்து தண்ணிக் குழாய், கழிவறை, கிளினிக், ஸ்கூல்னு ஒவ்வொண்ணா குறிச்சு, யார் வேணா சேக்கக்கூடிய இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்துனாங்க. இங்க கழிவறை இல்லன்னு வாயால சொல்றதுக்கும், இத்தன வீட்டுக்கு நடுவுல ஒண்ணுகூட இல்ல பாருங்கன்னு மேப்ப விரிச்சுக் காட்டுறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே யோசிங்க.

2010 ஜனவரி 12, ஹைத்தியில பூகம்பம். தலைநகரம் போர்ட்டோ பிரின்ஸுக்கு உருப்படியான டிஜிட்டல் மேப்பே கெடையாது. அப்போ உலகம் முழுக்க நூத்துக்கணக்கான பேர் அவங்கவங்க வீட்டுல உக்காந்து புது சாட்டிலைட் படத்தப் பாத்து ரோடு, இடிஞ்ச கட்டடம், ஜனங்க கூடாரம் போட்ட எடம்னு வரைஞ்சு தள்ளுனாங்க, கொஞ்ச நாள்லயே மீட்புக் குழுக்காரங்க அந்த மேப்ப ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டு வேலை பாத்தாங்க. வரைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்க அந்த ஊருக்கு ஒரு தடவகூட போனதில்ல. எனக்கு இத நெனச்சா இப்பவும் மனசு நெறஞ்சு போகும் சார்.

இப்ப உங்க பொண்ணு உண்மையில என்ன படிப்பான்னு சொல்றேன். ஜிஐஎஸ்ங்கறது அழகா கோடு போடுற வேலை இல்ல, ஒரே எடத்தப் பத்தின வேற வேற தகவல லேயர் லேயரா ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்து கேள்வி கேக்குறது. ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் பெருசு, பொறுமையா படிங்க. 1930கள்ல அமெரிக்காவுல வீட்டுக்கடன் சம்பந்தப்பட்ட ஒரு அரசு அமைப்பு ஊர் ஊரா மேப் போட்டு ஏரியாக்கள தரம் பிரிச்சுச்சு, அதுல கறுப்பின மக்கள் இருந்த ஏரியாக்கள சிவப்பு அடிச்சு ஆபத்தானதுன்னு குறிச்சு வெச்சாங்க, அந்த மாதிரி ஏரியாவுல கடன் கெடைக்கறது கஷ்டம், கடன் இல்லன்னா வீடு இல்ல, முதலீடு இல்ல, மரம் பார்க்குன்னு எதுவும் வரல. பல வருஷம் கழிச்சு அந்தப் பழைய மேப்ப டிஜிட்டல் ஆக்கி அது மேல சாட்டிலைட் அளந்த வெப்பநிலைய வெச்சுப் பாத்தாங்க, 108 நகரப் பகுதிகள எடுத்து 2020ல வந்த ஆய்வு அது, பெரும்பாலான ஊர்கள்ல அந்தப் பழைய சிவப்பு ஏரியாதான் இன்னிக்கும் அதிகமா சூடாகுது. மேப் மனுசங்க வாழ்க்கைய எப்படி மாத்தும்னு இதுக்கு மேல என்ன சொல்ல. அநியாயத்துக்கு உதவுனதும் மேப்தான், அத வெளிச்சம் போட்டுக் காட்டுனதும் மேப்தான், நடுவுல யாரு உக்காந்து வேலை பாக்குறாங்கங்கறதுதான் விஷயம். உங்க பொண்ணு மாதிரி ஆர்வத்தோட கேக்குற புள்ளைங்க அங்க போகணும்னு நான் ஆசைப்படுறேன்.

ஏஐ வந்து இத சாப்பிட்டுடாதான்னும் கேட்டிருந்தீங்க. ஒரு பகுதிய சாப்பிடும், மறைக்க விரும்பல. சாட்டிலைட் படத்துல கட்டடத்த பாத்து பாத்து கோடு இழுக்குற வேலை இருந்துச்சு, இப்ப மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாம் மெஷின வெச்சே கோடிக்கணக்கான கட்டடத்த வரைஞ்சு வெளியிட்டுட்டாங்க. ஆனா மெஷினுக்குத் தெரியறது கூரை மட்டும்தான், அது ஸ்கூலா கிளினிக்கா, அந்த ரோடு மழையில முங்குமா, குழாய்ல தண்ணி வருதான்னு தெரியாது, ஒருத்தர் அங்க போய்ப் பாக்கணும் இல்ல அங்க இருக்குறவங்கள கேக்கணும். அதனால பட்டன் தட்டத் தெரிஞ்சா மட்டும் போதும்னு சொல்ற குறுகிய கால கோர்ஸுக்கு தயவுசெஞ்சு காசு கட்டாதீங்க. எங்கிட்ட வந்த ஒரு பையன் அப்படி ஒரு சர்ட்டிஃபிகேட்ட வெச்சுக்கிட்டு பல மாசம் வேலை இல்லாம அலைஞ்சான், அப்புறம் குடிநீர்க் குழாய் நெட்வொர்க் பத்தி உக்காந்து படிச்சு அதோட மேப்பிங்க சேத்தான், அதுக்கப்புறம்தான் கதவு தொறந்துச்சு.

நான் சொல்ல வர்றதே அதுதான் சார், மேப்போட இன்னொரு துறை கூட சேரணும். தண்ணி, விவசாயம், காடு, பொது சுகாதாரம், பேரிடர், நகரத் திட்டம், மின்சார லைன், டெலிவரி ரூட், எதுவா வேணா இருக்கட்டும், ஏதாவது ஒண்ணு. டிகிரி பேருல ஜிஐஎஸ்னு இருக்கணும்னு அவசியமே இல்ல, ஜியோகிராஃபியோ சிவிலோ சுற்றுச்சூழலோ கம்ப்யூட்டரோ எடுத்துக்கிட்டும் வரலாம், கூடவே புள்ளியியலும், கோடிங்குக்கு பைத்தானும், தகவல் சேமிப்புலேர்ந்து தேடி எடுக்க எஸ்க்யூஎல்லும் வேணும், அத மட்டும் விட்டுடக் கூடாது. ஆரம்ப சம்பளம் சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லாம இருக்கலாம், கோடிங் சேந்தா அந்த வித்தியாசம் கொறையும். வெளிய போய் அளக்குற வேலை பொண்ணுக்கு சரிப்படுமான்னு கேட்டீங்க, நல்லாவே சரிப்படும், பிடிக்கலன்னா ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலையும் இதுல நெறைய இருக்கு.

காலேஜ் முடிவு பண்ணறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மாசம் அவ கையால செஞ்சு பாக்கட்டும், இதுக்கு காசே ஆகாது. க்யூஜிஐஎஸ்ங்கறது 2002ல ஆரம்பிச்ச இலவச ஜிஐஎஸ் சாஃப்ட்வேர், சாதாரண லேப்டாப்லயே ஓடும். சென்டினல்-2 சாட்டிலைட் படம், அதுல ஒரு புள்ளின்னா தரையில 10 மீட்டர், சுமார் 5 நாளுக்கு ஒரு தடவ இலவசமா கெடைக்குது, லேண்ட்சாட்ங்கற சாட்டிலைட் வரிசையில 1972லேர்ந்து படம் இருக்கு, ஒரு ஏரி எப்படி சுருங்கிச்சுன்னு அவளே பாக்கலாம். ஆனா மொத வேலையா நான் குடுக்கறது வேற. வீல்சேர்ல வர்றவங்க எந்தக் கட்டடத்துக்குள்ள போக முடியும்னு காட்ட வீல்மேப்னு ஒரு மேப் இருக்கு, முழுசா முடியும்னா பச்சை, கொஞ்சம் முடியும்னா ஆரஞ்சு, முடியாதுன்னா சிவப்பு. அவ தெனமும் நடக்குற ரெண்டு மூணு தெருவ எடுத்துக்கட்டும், வாசல்ல படி இருக்கா சாய்தளம் இருக்கான்னு போய்ப் பாத்து ஏத்தட்டும். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலயே சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும், அதனால ஒரு வாசல பக்கத்து வாசல்னு தப்பா குறிச்சிடுவா, திரும்பப் போய் சரி பண்ணணும், வெயில்ல நடக்கணும், பாக்குறவங்க என்ன பண்றேன்னு கேப்பாங்க, அவங்களுக்கு விளக்கமா சொல்லணும்.

அதெல்லாம் செஞ்சும் அவளுக்கு ஆசை கொறையலன்னா அந்த மேப்ப எடுத்துக்கிட்டு ரெண்டு பேருமே வாங்க சார், எந்த காலேஜ்னு அப்ப உக்காந்து பேசுவோம்.