14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் ட்ரெய்லருக்கு முக்கால் டன் டீசல் பிக்கப் போதுமா?

கேள்வியில் இருப்பது இது: ட்ரெய்லரின் உச்ச எடை 14,000 பவுண்டு. பார்த்துவைத்திருப்பது ஷார்ட் பெட் (சரக்குத் தொட்டி குட்டையான) முக்கால் டன் டீசல், அதாவது எஃப்-250, ராம் 2500 ரகம். முக்கால் டன் என்பது ரகத்தின் பெயர்தான், சுமக்கும் அளவல்ல. வீட்டில் நான்கு பேர். விளம்பரம் 18,000 பவுண்டு வரை இழுக்கும் என்கிறது.

இழுத்துவிடும்; சுமக்காது. இந்த இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஃபிஃப்த் வீல் என்பது தங்கிப் பயணிக்கும் வீட்டு ட்ரெய்லர்; அதன் மூக்கு பிக்கப்பின் பெட்டுக்குள் வந்து, பின் ஆக்சிலுக்கு நேர் மேலே உள்ள ஹிட்ச்சில் (இணைப்புக் கருவியில்) உட்காருகிறது. பம்பரில் மாட்டும் சாதாரண ட்ரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் வண்டியின் தலையில் வைக்கும். இதில் கிங்பின், அதாவது ஹிட்ச்சில் மாட்டும் மூக்கு முளை, வழியாக 20 சதவீதத்துக்கு மேலேயே இறங்கும். கையேட்டில் போட்டிருக்கும் ஹிட்ச் எடையை நம்பாதீர்கள். அது ட்ரெய்லர் காலியாக இருக்கும்போது ஹிட்ச்சில் இறங்கும் எடை. பேட்டரி, புரொப்பேன் சிலிண்டர், ஜெனரேட்டர், படுக்கையறை அலமாரி எல்லாம் மூக்குப் பக்கமே இருப்பதால், நீங்கள் சாமான் ஏற்ற ஏற்ற கிங்பின் எடைதான் கூடும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14,000-இல் 22 சதவீதம் 3,080. ஹிட்ச் 200. நான்கு பேர் 600. கருவிப்பெட்டி, கூலர் 150. மொத்தம் 4,030 பவுண்டு.

இப்போது ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் மஞ்சள் பட்டையோடு ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று ஒரு எண் இருக்கும். அது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். பக்கத்தில் நிற்கும் அதே மாடலில் சன்ரூஃபும் ஃபோர் வீல் டிரைவும் இருந்தால் அதன் எண் குறைவாக இருக்கும். முக்கால் டன் டீசல் பலவற்றில் இது 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில்தான். டீசல் எஞ்சின் தானே பல நூறு பவுண்டு கூடுதல் கனம். அந்தக் கனம் உங்கள் பேலோடிலிருந்துதான், அதாவது வண்டி சுமக்கக்கூடிய எடையிலிருந்துதான், கழிகிறது. பின் சஸ்பென்ஷனில் ஏர் பேக் (காற்றுப் பை) போட்டால் வண்டியின் பின்புறம் தாழாமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்சிலின் அளவும் டயரின் அளவும் மாறாது.

ஆக, அடுத்த ரகமான ஒரு டன் வண்டிக்குப் போங்கள். சிங்கிள் ரியர் வீல் (பின்னால் இரண்டே டயர்) ஒரு டன் டீசல் உங்கள் 4,030-க்கு விளிம்பில் நிற்கும். ஸ்டிக்கரில் 4,300-க்குக் குறைந்தால் வேண்டாம். பின்னால் நான்கு டயர் உள்ள டூயலியில் இந்த எண் பொதுவாக 5,000-ஐத் தாண்டும். பக்கக் காற்றில் அவ்வளவாக அசையாது. ஒரு பின் டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கும். நகரத்தில் பார்க்கிங்தான் தலைவலி.

பெட் நீளம் அடுத்தது. 6.5 அடி பெட்டில் ஹிட்ச்சிலிருந்து கேபின் கண்ணாடிக்கு மூன்று அடி சொச்சம்தான். ட்ரெய்லரின் அகலம் 8 அடி, அதில் பாதி நான்கு அடி. ரிவர்ஸில் ஒடித்துத் திருப்பினால் ட்ரெய்லரின் மூலை நேராகக் கண்ணாடியில் வந்து நிற்கும். ஷார்ட் பெட்தான் வேண்டுமென்றால் ஸ்லைடர் ஹிட்ச் போட்டு, திருப்பும் முன் பின்னால் தள்ள வேண்டும். அது கனமும் அதிகம், மறதிக்கு மன்னிப்பும் கிடையாது. 8 அடி பெட் எடுங்கள். பெட்டின் விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் இடையில் குறைந்தது 6 அங்குலம் இருக்கட்டும்; இல்லாவிட்டால் மேடேறும் இடத்தில் விளிம்பு நசுங்கும்.

டீசலா பெட்ரோலா என்பதை உங்கள் பாதை சொல்லும். டெக்சாஸ் சமவெளி என்றால் பெட்ரோல் போதும், பேலோடும் கூடும், இழுவைக்கு ஏற்ற 4.10 ஆக்சில் (கியர்) விகிதம் கேளுங்கள். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை வழியாக 11,000 அடி உயரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கத்தைக் கடப்பீர்கள் என்றால் டீசல். டர்போ இருப்பதால் மெல்லிய காற்றிலும் பலம் பெரிதாகக் குறையாது. அதைவிட, இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பதுதான் பெரிய நிம்மதி.

வாங்கியபின் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒரு முறை நிறுத்துங்கள். ஆட்கள், எரிபொருளோடு பிக்கப்பை மட்டும் எடை போட்டு, பிறகு ட்ரெய்லரை மாட்டிப் போடுங்கள். பிக்கப்பின் இரு ஆக்சில்களிலும் கூடிய எடைதான் உண்மையான கிங்பின் எடை.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேல் 15,000 வரையிலான சொந்த உபயோக ஃபிஃப்த் வீலுக்குத் தனி ஒப்புதல் வேண்டும்; அதற்கும் மேலே என்றால் வணிகம் சாராத கிளாஸ் ஏ. டெக்சாஸில் பிக்கப், ட்ரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டினால் கிளாஸ் ஏ. டூயலியின் உச்ச எடை 14,000-ஐ உங்கள் ட்ரெய்லரின் 14,000-ஓடு கூட்டினால் 28,000 வருகிறது.