கொசு உள்ளானும் வடதுருவக் கோடையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: திருநெல்வேலி நயினார்குளத்தில் காணும் கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு கரைப்பறவை, வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற பனிநிலமான தூந்திரத்திற்குப் போய் ஏன் முட்டையிடுகிறது?

பதில்: அது போய்ச் சேரும் ஜூன் மாதத்தில் வடசைபீரியாவில் பனி உருகித் தரை தெரியத் தொடங்கியிருக்கும். அடிநிலம் நிரந்தரமாக உறைந்திருப்பதால், உருகிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலேயே குட்டை குட்டையாகத் தேங்க, அங்கே கொசுவும் ஈயும் கணக்கின்றிப் பெருகுகின்றன. பொரித்த ஒரு நாளிலேயே தானாக இரை பொறுக்கும் குஞ்சுக்குச் சூரியன் மறையாத வெளிச்சமும் பெரிய உதவி.

கேள்வி: பனி உருகத் தாமதமானால்?

பதில்: அடைகாக்க மூன்று வாரம், குஞ்சு பறக்க இரண்டு மூன்று வாரம், ஆகஸ்டில் பயணம். ஜூன் தவறினால் அவ்வாண்டு வாய்ப்பும் தவறும்.

கேள்வி: சில ஆண்டுகளில் இளம் உள்ளான்கள் குறைந்துவிடுவது ஏன்?

பதில்: லெம்மிங் என்னும் எலியினம் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரியும். சரிந்த ஆண்டில் அந்த இரை கிடைக்காமல் பசித்த துருவ நரி, தரையிலுள்ள கூடுகளைத் தேடி முட்டைகளைத் தின்கிறது.

கேள்வி: நெல்லை மாவட்டக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சைபீரியப் பறவைகள் வந்து குஞ்சு பொரிப்பது எந்த மாதத்தில்?

பதில்: எந்த மாதத்திலும் இல்லை. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். இருந்தும் தை பிறந்தால் இதே கேள்வி வருகிறது. ஊருக்குள் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுபவை மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா முதலியவை. அவை நம் நாட்டுப் பறவைகள். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் அவ்வூர் மக்கள் காப்பது வெளிநாட்டு விருந்தாளிகளை மட்டும் என்று எழுதுவது அவர்களுக்கும் நியாயமாகாது. குளத்தில் மிதக்கும் வரித்தலை வாத்தும் தூந்திரத்துப் பறவையன்று. திபெத், லடாக், மங்கோலியப் பகுதிகளின் ஏரிக்கரைகளே அதன் பிறப்பிடம். உண்மையான தூந்திர விருந்தாளி, எவரும் ஏறிட்டுப் பாராமல் சேற்றோரம் ஓடித் திரியும், ஏறத்தாழ 25 கிராம் மட்டுமே தேறும் அந்தக் கொசு உள்ளான்தான். அதுவும் இங்கே வருவது இரை தேடி மட்டுமே.

கேள்வி: இணைத்துள்ள படத்தில் இருப்பது என்ன பறவை?

பதில்: நாளும் இடமும் எழுதாத படத்திற்குப் பதில் இல்லை. பறவை பறந்தோடும் நிலையில் இருப்பதைப் பார்த்தால், படத்திற்காக நீங்களே எழுப்பியிருப்பீர்கள் போலும். கரையிலேயே நில்லுங்கள்.

கேள்வி: பங்குனிக் கடைசியில் கண்ட உள்ளானின் கழுத்தும் முதுகும் செம்பழுப்பாக இருந்தனவே, வேறு இனமா?

பதில்: அதே இனம்தான், இனப்பெருக்கக் கால இறகுகள் முளைத்துவிட்டன. நெடும்பயணத்திற்குக் கொழுப்புச் சேர்க்கும் வேளை அது. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: கரையிலேயே நில்லுங்கள்.