பட்டறை பதில்கள்: அப்பாவின் பத்மினிக்குப் பட்டியா, தகடா?

கேள்வி: ஐயா, அப்பா 1984-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி எங்கள் வீட்டில் நிற்கிறது. அவர் காலமானபின் ஆறு வருஷமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். இப்போது திறந்து பார்த்தால் நான்கு கதவுகளின் அடியிலும் துரு. டிரைவர் காலடியில் மிதியடியைத் தூக்கினால் கீழே மண் தெரிகிறது. ஒரு டிங்கர், ஃபைபர் துணி ஒட்டிப் பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் பத்து நாளில் புதுசாகிவிடும் என்கிறார். இன்னொருவர் பாதி வண்டியை அறுக்கணும் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அறுக்கணும் என்கிறவரை நம்புங்கள் அம்மா. ஆனால் எங்கே, எந்த வரிசையில் அறுப்பார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்மினிக்கு ஜீப், லாரி மாதிரி தனிச் சேஸ், அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிச் சட்டமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அதில் ஃபைபர் ஒட்டுவது கரையான் அரித்த உத்தரத்துக்கு வெள்ளையடிக்கிற கதை. பட்டி ஈரத்தையும் உறிஞ்சும். இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம்.

எவ்வளவு இத்துப் போயிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் சட்டத்தை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்னும். உளுத்த இடத்தில் ‘பொத்’ என்று சத்தம் அமுங்கும், உள்ளே துருத்தூள் உதிர்வதும் காதில் விழும். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவின் மேல் நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் யாரோ ஏற்கெனவே தடிமனாகப் பட்டி போட்டிருக்கிறார்கள்.

கதவு உள்ளிருந்துதான் போகும். கண்ணாடி ஓரத்து ரப்பர் காய்ந்ததும் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கும். அது வெளியேற அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கின்றன. அதில் மண் அடைத்தால் தண்ணீர் அங்கேயே நிற்கும். வெளியே நாலணா அளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும். தார்ப்பாயும் ஒரு காரணம். உப்புக்காற்று ஊரில் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது அறுப்பதற்கு வருவோம். நான் தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், ஒரு பழைய ஃபியட்டின் பெட்டிச் சட்டத்தை முட்டு எதுவும் கொடுக்காமல் அறுத்துவிட்டேன். சாயங்காலம் புதுத் தகட்டைப் பற்றவைத்துக் கதவை மாட்டினால், மேல் மூலை உரசுகிறது, கீழே விரல் நுழைகிறது. வண்டி நடுவில் தொய்ந்திருந்தது. பற்றவைத்ததையெல்லாம் மறுபடி அறுத்து, ஜாக்கி வைத்து நிமிர்த்த நாலு நாள் ஆனது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை, சனிக்கிழமை சம்பளக் கவரில் பேசினார்.

அதனால், அறுக்கும் முன் வண்டியைச் சமமாக நிறுத்திக் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கம். புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அப்புறம்தான் முழுசாகப் பற்றவைக்கணும்.

தரைக்குப் பழைய தகடு தேடாதீர்கள். 20 கேஜ் தடிமனுள்ள புதுத் தகடு போதும். பழைய தரையில் இருந்த வரிப்பள்ளங்களை அதிலும் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மிதிக்கிறபோது எண்ணெய் டின் மாதிரி சத்தம் போடும். கதவு, மட்கார்டுக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் அலையலாம், வளைவு சரியாக உட்காருகிற தகடு கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். கழித்துப்போட்ட பத்மினியிலிருந்து வெட்டி வாங்குவது மேல். மும்பை டாக்ஸியின் கதவு என்று யாராவது கொடுத்தால் யோசியுங்கள், அங்கேயும் கடல்தான். கோவை, சேலம் பக்கம் ஓடிய வண்டியாகப் பாருங்கள்.

வெளித்தகட்டுக்கு கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் அலையலையாக நெளிந்துவிடும். மின்சாரத்தில் மெல்லிய கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங்கில் இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்யணும். டிக்கியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வையுங்கள். ‘காலி டேங்க்தானே’ என்பார்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பேட்டரியும் கழன்றிருக்கட்டும்.

பல பேர் கோட்டை விடுவது தகட்டின் பின்பக்கத்தில். பற்றவைத்த இடத்தின் உள்பக்கம் பெயின்ட் கருகிப்போயிருக்கும், துரு அங்கிருந்துதான் மறுபடி கிளம்பும். ரெட் ஆக்ஸைடு என்கிற செங்காவிப் பிரைமர் மட்டும் அடித்து விட்டால் அதை ஊடுருவி ஈரம் போகும். எப்பாக்ஸி பிரைமர் அடித்து, தகடுகள் சேருமிடத்தில் சீலர் பூசி, பெட்டிச் சட்டத்துக்குள் மெழுகு பீய்ச்சச் சொல்லுங்கள். கதவின் துளைகளை மட்டும் எதனாலும் அடைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. வண்டியின் அடையாளமான சேஸ் எண் பொறித்த இடத்தை வேலை தொடங்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், அதன் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கேள்வி: என் அம்பாசடரில் லேசான துரு. துருவைக் கறுப்பாக்கும் திரவம் பூசினால் போதுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: தகடு கெட்டியாக இருந்து மேலாகத் துரு என்றால் போதும். உதிர்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் பூசுங்கள், நன்றாகக் காயவிட்டுப் பிரைமர் அடியுங்கள். செதிள் செதிளாகப் பெயர்ந்தால் அது உங்கள் கேள்வி இல்லை சார், மேலே இருக்கும் கேள்வி.