மேப்பிள் மகரந்தம் எப்போது பறக்கும்?

கேள்வி: டொராண்டோவில் எங்கள் தெருவெங்கும் மேப்பிள் மரங்கள். ஏப்ரலில் மகளுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகின்றன. பிப்ரவரியில் அட்லாண்டாவில் அக்கா வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே தொல்லை. அக்டோபரில் இலை உதிரும்போது மறுபடியும் ஆரம்பிக்கிறது. மேப்பிள் ஆண்டு முழுவதுமா மகரந்தம் விடும்?

பதில்: இல்லை. ஒரு மரம் ஆண்டுக்கு ஒருமுறை, ஓரிரு வாரம்தான் மகரந்தம் விடும். மொட்டு முதலில் போதிய குளிரைக் கடந்து, பிறகு சூடு சேரச் சேர விரிகிறது. அதனால் சிவப்பு மேப்பிள் ஃப்ளோரிடாவில் ஜனவரியிலும், அட்லாண்டாவில் பிப்ரவரியிலும், உங்கள் ஊரில் ஏப்ரலிலும் பூக்கும். மார்ச் வெதுவெதுப்பாக இருந்தால் இது முந்தும். நடுவில் உறைபனி விழுந்தால் பூ கருகி, மகரந்தமும் குறையும்.

எல்லா மேப்பிளும் ஒன்றல்ல. சில்வர் மேப்பிளும் சிவப்பு மேப்பிளும் இலை விடும் முன்பே பூப்பவை. நார்வே மேப்பிள் இலையோடு பூக்கும்; அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் தேனீக்களே சுமப்பதால் தொல்லை குறைவு. நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது மானிடோபா மேப்பிள். ஒரே காம்பில் மூன்று முதல் ஏழு சிற்றிலைகள் இருப்பதால் பலர் இதை மேப்பிள் என்றே அறிவதில்லை. ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஆண் மரத்தில் பூக்கள் நூல் நூலாகத் தொங்கும். மகரந்தம் முழுக்கக் காற்றில்தான் போகும், ஒவ்வாமையும் கடுமை.

நாள்காட்டியைவிடக் கிளையை நம்புங்கள். பூத்த கிளையைக் கறுப்புத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மஞ்சள் பொடி விழுந்தால் பருவம் தொடங்கிவிட்டது. ஈரத்தில் மகரந்தப் பை வெடிக்காது. மழை விட்டு, வெயிலும் காற்றும் சேரும் பகலில்தான் மிக அதிகமாகப் பறக்கும். அந்த நாட்களில் சன்னலைச் சாத்துங்கள், துணியை வெளியே உலர்த்தாதீர்கள், படுக்கும் முன் தலைக்குக் குளிக்க வையுங்கள். மருத்துவர் மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தந்திருந்தால், பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கலாமா என்று கேளுங்கள். தும்மல் வந்தபின் தொடங்கினால் முழுப் பலன் தெரிய நாளாகும்.

அக்டோபர் தொல்லைக்கு மேப்பிள் காரணமல்ல. ஈர இலைக் குவியலில் வளரும் பூஞ்சையின் வித்துகள் ஒரு காரணம். ஆகஸ்ட் முதல் உறைபனி வரை பறக்கும் ராக்வீட் மகரந்தம் இன்னொன்று. ராக்வீட், நம் ஊர்ப் பார்த்தீனியத்தின் குடும்பம். எது என்பதைத் தோல் பரிசோதனை காட்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே ஒவ்வாமையை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால் முடிவு தவறாக வரும்.

கேள்வி: மகரந்தம் விடாத மேப்பிள் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். சிவப்பு மேப்பிளில் 'அக்டோபர் குளோரி' பெண் பூ பூக்கும் ரகம். சிறகு வைத்த விதைகளைக் கூட்டிப் பெருக்கும் வேலை மட்டும் இருக்கும். விதையிலிருந்து முளைத்த கன்றை வாங்காதீர்கள். அது ஆண் பூ பூக்குமா என்பது பூக்கும்வரை தெரியாது.